இலை வடாமும் நெம்மும்: காரைக்கால் அடுப்படியில் ஆசியச் சரக்கு குறித்த ஆய்வொன்றின் முன்னோட்டச் சுருக்கம்

"ஆசியச் சமையல்" என்று அட்டையில் போட்டு லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகும் புத்தகங்களில், சரக்குப் பட்டியலுக்குக் கீழே தவறாமல் ஒரு குறிப்பு இருக்கும்: மேற்கண்டவை அருகிலுள்ள ஆசியக் கடையில் கிடைக்கும். பாரிஸ்காரர் பதின்மூன்றாம் வட்டாரத்துக்குப் போவார். லண்டன்காரர் சைனாடவுனுக்குப் போவார். காரைக்கால் பாரதியார் வீதியில் பையோடு நிற்பவர் எங்கே போவது? இந்த வினாவை இதுவரை எந்தத் துறையும் எழுப்பவில்லை. அவசியமில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் அவசியமில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழில் எந்த ஆய்வேடும் நின்றுபோனதாக வரலாறு இல்லை.

கருதுகோள்

காரைக்கால் ஆசியாவில் உள்ளது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இதைச் சட்டென்று ஒப்புக்கொண்டுவிட முடியாது. 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் போக, 1954 நவம்பர் 1 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. காகிதத்தின்படி 1962 ஆகஸ்ட் 16 வரை. இன்று மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல், தலைநகரமான புதுச்சேரியோ நூற்று முப்பது கிலோமீட்டர் வடக்கே. இத்தனை பேருக்குச் சொந்தமான ஊர் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது. வடக்கு அட்சம் 10 பாகை 55 கலை, கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 50 கலை. நிலப்படத்தில் வைத்துப் பார்த்ததில், ஆசியாவே. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் கிளை முடிபு: காரைக்காலில் உள்ள எல்லா மளிகைக் கடையும் ஆசியக் கடையே. ஆய்வை இத்துடன் முடித்திருக்கலாம். பக்கம் போதவில்லை.

ஆய்வெல்லை

வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். வாஞ்சூர் வழியே மாலை நேரத்தில் வருவோர் தேடி வரும் சரக்கு வேறு வகையைச் சேர்ந்தது என்பதால் அவர்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருவோரும் அவ்வாறே. அவர்கள் வாங்குவது எள்.

முன்னாய்வுகள்

இப்பொருளில் முன்னாய்வுகள் இல்லை. இருந்திருந்தால் படிக்க வேண்டி வந்திருக்கும்.

எனினும் கருத்தரங்க மரபை இங்கே நினைவுகூர்வது முறை. "சங்க இலக்கியத்தில்" என்று போட்டு, பக்கத்தில் கைக்கு அகப்பட்ட எந்தச் சொல்லை வைத்தாலும் தலைப்பாகிவிடும். பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஐந்து பக்கத்துக்கு மிகக் கூடாது, எழுத்துரு யூனிகோடில் இருக்க வேண்டும். பிறகு ஐ.எஸ்.பி.என். எண் பொறித்த தடித்த தொகுப்பில் கட்டுரை அச்சேறும். மதியம் டோக்கனைக் காட்டிச் சாம்பார் சாதம் வாங்கலாம், மாலையில் சான்றிதழ். தொகுப்பு முழுவதையும் படித்தவர் எவருமில்லை. கட்டுரையாளரே தம் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பரணில் போட்டுவிடுவார். இந்த மரபுக்கு இவ்வாய்வாளர் பெரிதும் கடமைப்பட்டுள்ளார், குறிப்பாகச் சாம்பார் சாதத்துக்கு.

இயல் ஒன்று: இலக்கிய, செப்பேட்டுச் சான்றுகள்

வீட்டில் இல்லாத பண்டத்தைக் கடைக்குப் போகாமலே தருவித்த முதல் அடுப்படி காரைக்காலுடையது. பரமதத்தன் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டார் புனிதவதியார். சாப்பிட உட்கார்ந்த கணவன் மற்றதையும் கேட்டான். உள்ளே போய் இறைவனை நினைத்தார், கையில் கனி இருந்தது. சேக்கிழார் இதை அருளின் திறமாகப் பாடினார். வாசலுக்கே சரக்கு வந்து சேரும் நவீன முறைக்கு இதுவே தோற்றுவாய் என்று யாராவது கட்டுரை வாசிக்கத்தான் போகிறார்கள். அதற்குள் நான் வாசித்துவிடுகிறேன்.

ஆனால் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்ததை. எங்கிருந்து வந்தது என்று பரமதத்தன் குடைந்து கேட்டான். இன்னொன்றும் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. மனிதன் நடுங்கிப்போய்க் கப்பல் ஏறிவிட்டான். சரக்கின் மூலத்தை ஆராயப் புகுந்த முதல் காரைக்கால்காரருக்குக் குடும்பம் போயிற்று என்பது இத்துறைக்கு வருவோர்க்கு எச்சரிக்கை. இன்றும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள். யாரும் விலை விசாரிப்பதில்லை.

தரங்கம்பாடியைத் தாண்டி வடக்கே போனால் பூம்புகார். அந்தத் துறைமுகத்தில் ஈழத்து உணவும் காழகத்துப் பண்டமும் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் சொல்ல, இல்லை பர்மா என்று வேறு சிலர் சொல்ல, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வந்த பண்டத்தை யார் என்ன குழம்பு வைத்தார்கள் என்று மட்டும் இரு தரப்பிலும் எவரும் கேட்கவில்லை.

தெற்கே நாகப்பட்டினம். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசன் அங்கே சூடாமணி விகாரம் எடுத்தான். சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். லெய்டன் நகரில் போய் உட்கார்ந்த பெரிய செப்பேடுகளில் எல்லை உண்டு, வாய்க்கால் உண்டு, எல்லை குறிக்க நடந்த பெண் யானையும் உண்டு. கடாரத்திலிருந்து வந்து தங்கிய பிக்குகளுக்கு யார் சமைத்தார்கள், சோற்றோடு என்ன தொட்டுக்கொண்டார்கள் என்பதற்குச் செப்பேட்டில் இடமில்லை. யானை நடந்ததற்கு இருக்கிறது. பிற்காலத்தில் சீனக் கோபுரம் என்று மாலுமிகள் அடையாளம் சொன்ன செங்கல் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டதால் அடுப்புக் கரி எதுவும் சிக்க வழியில்லை.

இயல் இரண்டு: சரக்கு வகைப்பாடு

அன்னாசிப்பூ. வியட்நாமிய 'ஃபோ' சூப்புக்கு இன்றியமையாதது, உலகத்தரம் வாய்ந்த ஆசியக் கடைகளில் மட்டுமே கிடைக்கும் என்று புத்தகம் எச்சரித்தது. களப்பணியின் பொருட்டு அண்டை மளிகைக் கடையில் பட்டியலை நீட்டினேன். எட்டு முனை, நட்சத்திர வடிவம், பழுப்பு நிறம், சீனத்தின் தெற்கிலும் வியட்நாமின் லாங்சோன் மலைப்பகுதியிலும் விளைவது என்று விரிவாக விளக்கினேன். கடைக்காரர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலைக்கு மேல் சரமாகத் தொங்கிய பட்டை கிராம்புப் பாக்கெட்டில் ஒன்றைப் பிய்த்துக் கல்லாவில் போட்டார். "பிரியாணியா சார்? எத்தனை படி?" பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ எல்லாம் அந்த ஒரு பாக்கெட்டில் இருந்தன. இஞ்சியும் வெங்காயமும் வீட்டில் இருந்தன. ஃபோவுக்கு வேண்டிய வாசனைச் சாமான் எல்லாம் முடிந்தது. நேர்காணல் முழு வடிவம் பின்னிணைப்பில் (பின்னிணைப்பு இல்லை).

சோயா சாஸ். ஃபிரைடு ரைஸ் தள்ளுவண்டி எட்டிய ஊரிலெல்லாம் உண்டு.

டோஃபு. பன்னீர் என்று நினைத்து வாங்கி வந்தவர்கள் உண்டு. வேறு குறிப்பில்லை.

எலுமிச்சைப் புல். தொட்டியில் வளரும். ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

மரக்காதுக் காளான். ஐப்பசி மழையில் பட்டுப்போன மரத்தில் இதைப் போலவே ஒன்று முளைக்கும். இதைப் போலவே வேறு பலவும் முளைக்கும். ஆய்வாளர் உயிரோடு இருக்க வேண்டியுள்ளதால் இப்பிரிவு கைவிடப்பட்டது.

ரம்பை இலை. இலங்கையிலும் மலேசியாவிலும் சோற்றுக்குள் போடுவது. இங்கே அதன் பங்காளியான தாழை கடற்கரை ஓரம் வேலியாக நிற்கிறது. பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிவபூசையிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட பூ என்பதால் அதன் சாட்சியத்தை நாமும் ஏற்கவில்லை.

பெலாச்சான். இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். நாகூர், காரைக்கால் பக்கத்துச் சபுராளிகள் தலைமுறை தலைமுறையாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1830-க்குள்ளேயே நாகூர் தர்காவுக்கு ஒரு நினைவிடம் எழுந்துவிட்டது. 'ரஜூலா' கப்பல் ஓய்ந்த பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. அதுவும் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு சரி. திரும்பி வருபவர் பெட்டியில் கோடாலித் தைலம், மைலோ, கைலி எல்லாவற்றுக்கும் அடியில், ஏழு பிளாஸ்டிக் பைக்குள் ஒரு செங்கருப்புக் கட்டி இருக்கும். பெட்டியைத் திறக்குமுன்பே தெருவுக்கே தெரிந்துவிடும். அதுதான் பெலாச்சான், புளிக்கவைத்து இடித்த இறால் கட்டி. அதற்கு மூலமான பொடி இறால் எது என்று பார்த்தால், கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மணலில் பரப்பிக் காயவைத்துப் படிக்கணக்கில் விற்கும் சென்னாக்குன்னியின் குலம்தான். விலங்கியலார் இரண்டையும் அசெட்டிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். மலேயாக்காரர்கள் அதை உப்புப் போட்டு இடித்துப் புளிக்கவைத்தார்கள், நாம் காயவைத்து வறுத்துத் தேங்காயோடு துவையல் அரைத்தோம். இதற்காகச் சுங்க அதிகாரிக்கு முன்னால் முகம் சிவக்க நின்ற மாமாக்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மீன்சாறு. நெத்திலி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு, ஓராண்டு பொறுமை. முதலிரண்டும் காரைக்காலில் தாராளம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய ஜாடிகளில் திராட்சை மது வந்தது எல்லோருக்கும் தெரியும். காரும் என்ற மீன்சாறு வந்த ஜாடி ஓடுகளும் அதே மண்ணில் இருந்தன. ஆக மீன்சாறு இந்தக் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. என் மளிகைக்காரர் "அடுத்த வாரம் வந்துரும் சார்" என்கிறார்.

இயல் மூன்று: கடல்பாசி

நோன்பு மாதத்தில் காரைக்கால் வீடுகளில் கஞ்சியும் வாடாவும் போல முறை தவறாதது கடல்பாசி. காய்ந்த வைக்கோல் போன்ற வெள்ளைக் கற்றையை வெந்நீரில் கரைத்து, பாலும் சீனியும் ரோஸ் எசன்சும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை போடுவார்கள். கடையில் இதற்குச் சைனா கிராஸ் என்று பெயர். ஜப்பானில் ஒரு சத்திரக்காரர் குளிர்கால இரவில் மிச்சக் கூழை வெளியே கொட்ட, அது உறைந்து காய்ந்து கிடந்ததைக் கண்டுதான் இந்த வித்தை பிறந்தது என்பது அந்நாட்டுக் கதை. கொட்டியதைத் திரும்ப எடுத்துக் கிண்டிப் பார்த்தவர் ஆராய்ச்சியாளராகத்தான் இருக்க வேண்டும். இதைத் தரும் பாசிகளில் ஒன்று ராமேசுவரம், மண்டபம் கரையில் விளைகிறது. அங்கே கஞ்சிப்பாசி என்பார்கள். முகக்கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி மூழ்கிப் பாசி பறிப்பவர்கள் பெண்கள்.

சித்திரை வெயிலில் காரைக்காலில் ஜெலட்டின் ஜெல்லி செய்து மேசைமேல் வைத்தால், விருந்தாளி செருப்பைக் கழற்றுமுன் அது பானமாகிவிடும். கடல்பாசி அசையாது. ஏறக்குறைய எண்பத்தைந்து பாகை செல்சியசில்தான் உருகும், நாற்பதுக்குக் கீழே வந்ததும் குளிர்பெட்டி இல்லாமலே உறையும். இந்த உண்மை அடுப்படிக்குத் தெரிந்திருந்தபோது அறிவியலுக்குத் தெரியாது. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸே, கோடையில் ஜெலட்டின் உருகி நுண்ணுயிர் வளர்ப்பெல்லாம் குழம்பிப்போகத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, "என் பழக்கூழ் உருகுவதில்லையே" என்ற பொருள்பட, தான் பயன்படுத்திவந்த அகரைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்டது அது. அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் இருக்கிறது, அந்தம்மாள் பெயர் இல்லை. உலகத்து ஆய்வகத் தட்டுகளிலெல்லாம் இன்றும் அகர்தான். ஜாவாவிலிருந்து வந்த அண்டை வீட்டாரின் பெயரோ எந்த அடிக்குறிப்பிலும் இல்லை. மேற்கோள் காட்டும் கலையில் மேல்நாட்டாரும் நமக்கு இளைத்தவர்கள் அல்லர்.

இயல் நான்கு: நெம்

இனி ஆய்வின் உயிர்நிலை.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் இந்தோசீனாவுக்குப் போனார்கள். எழுத்தராக, வரி வசூலிப்பவராக, காவலராக, சிப்பாயாக. காரைக்கால் முஸ்லிம் வணிகர்கள் கடை போட்டார்கள், செட்டியார்கள் வட்டிக்கு விட்டார்கள். சைகோனில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. 1935-இல் எழுந்த பள்ளிவாசலும் இருக்கிறது. 1954-இல் தியன் பியன் பூ விழுந்த பின்னும், 1975 ஏப்ரல் 30-இல் சைகோனே விழுந்த பின்னும், பலர் குடும்பத்தோடு திரும்பினார்கள். சிலர் குடும்பத்தில் மனைவி வியட்நாமியர். புதுச்சேரியில் கல்யாண வீட்டிலும் கிறிஸ்துமசிலும் நெம் பரிமாறப்படுவதன் பின்கதை இது. காரைக்காலில் சைகோன்காரர் வீடு என்று பெயர் வாங்கிய வீடுகளில் அந்த வாசனை கொஞ்ச காலம் இருந்தது.

நெம் என்பது அரிசித்தாளில் சுருட்டிப் பொரிப்பது. உள்ளே இறாலோ நண்டோ பன்றியோ, கேரட், வெங்காயம், மரக்காதுக் காளான், கண்ணாடி சேமியா. கண்ணாடி சேமியா பாசிப்பயற்று மாவில் ஆனது. பாசிப்பயறு இந்திய மண்ணின் பயிர். போனது பயறாகப் போய், வந்தது சேமியாவாக வந்தது, விலை மட்டும் நடுவில் எங்கோ கூடிவிட்டது. இவை அனைத்துக்கும் மாற்று உண்டு. அரிசித்தாளுக்கு மட்டும் இல்லை. புதுச்சேரியிலிருந்து யாராவது வந்தால் உண்டு, வராவிட்டால் நெம் இல்லை (சின்னம்மா, வாய்மொழி, தொகுதி 1, அடுப்படி வாசல்).

இங்கேதான் இவ்வாய்வாளரின் சொந்தப் பங்களிப்பு தொடங்குகிறது. வியட்நாமில் அரிசித்தாள் செய்யும் முறை: அரிசியை ஊறவைத்து, நீர்க்க அரைத்து, கொதிக்கும் பானைமேல் இழுத்துக் கட்டிய துணியில் மெல்லிசாக வார்த்து, ஆவியில் வெந்ததும் உரித்து, மூங்கில் தட்டியில் வெயிலில் காயவைப்பது. தஞ்சை மாவட்டத்து இலை வடாம் செய்யும் முறை: அரிசியை ஊறவைத்து, நீர்க்க அரைத்து, இலையிலோ தட்டிலோ மெல்லிசாக வார்த்து, இட்லிப் பானை ஆவியில் வெந்ததும் உரித்து, பழைய வேட்டியில் காயவைப்பது. அங்கே தட்டி, இங்கே தாத்தா வேட்டி. எஞ்சிய வேறுபாடு சீரகம், உப்பு, பச்சைமிளகாய், பெருங்காயம். பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருவது என்பதால் அதுவும் ஆசியச் சரக்கே.

ஆகவே எழும் வினா: காய்ந்த இலை வடாமை நனைத்து நெம் சுருட்ட இயலுமா? இவ்வினா எங்கள் வீட்டைப் பிளந்தது. அறிஞர்கள் மூன்று பள்ளிகளாகப் பிரிந்தனர்.

முழுநனைப்புப் பள்ளியினர் வடாமைத் தாம்பாளத்து நீரில் முழுக அமிழ்த்த வேண்டும் என்பர். இவர்கள் கைக்கு வந்தது கூழ். கூழாகவே குடிக்கலாமே என்று வாதிட்டு, தங்கள் தோல்வியையே புதுக் கொள்கையாக்க முயன்றனர். பல்கலைக்கழகம் எதுவாயினும் இவர்களுக்குத் துறைத்தலைமை உறுதி (சின்னம்மா, மேற்படி, தொகுதி 2, "கையை எடு" என்னும் படலம், வரி 1).

தெளிப்புப் பள்ளியினர் நீரை விரலால் தெளித்தால் போதும் என்பர். வடாம் ஓரத்தில் நனைந்து நடுவில் விறைத்து, சுருட்டும்போது படீரென்று உடைந்தது. உடைந்தது சீரகம் இருந்த இடத்தில்தான் என்று ஓர் உட்பிரிவினர் கண்டறிந்து, சீரக நீக்க இயக்கம் தொடங்கினர். எள் போட்ட வடாமே தொன்மையானது, சீரகம் இடைச்செருகல் என்று பாடபேதம் காட்டினர் (எதிர்வீட்டு அத்தை, மறுப்புரையும் மறுப்புக்கு மறுப்பும், மொட்டைமாடிப் பதிப்பு, துணி காயும் கொடிக்கு வடக்கே, ஒப்புநோக்குக: அதே ஆசிரியர், "எங்க வீட்டுல அப்படி இல்லை", வெளியிடப்படாத பெருமூச்சு, திண்ணைச் சுவடி, மேலிருந்து மூன்றாம் படி).

ஈரத்துணிப் பள்ளியினர் நனைத்துப் பிழிந்த துணிக்கு நடுவில் வடாமை வைத்து மூட வேண்டும் என்பர். எவ்வளவு நேரம் என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு காபி குடிக்கும் நேரம் என்றார் ஒருவர். எந்தக் காபி, ஆற்றியதா ஆற்றாததா என்று கேட்டார் இன்னொருவர். காபி நேரத்தைத் தரப்படுத்தாமல் ஆய்வை மேற்கொண்டு நகர்த்துவதற்கில்லை என்று தீர்மானம் நிறைவேற்றிக் காபி குடிக்கப் போனார்கள். துணி காய்ந்துவிட்டது (ஈரத்துணிக் கழக நடவடிக்கைக் குறிப்பு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், கேஸ் சிலிண்டர் புக்கிங் எண்ணுக்குக் கீழே, எண்ணெய்க் கறையால் சிதைந்த பகுதி; சிதைந்த இடத்தில் "போதும்" என்று இருந்திருக்கலாம் என்பது சின்னம்மாவின் ஊகம், "போங்கடா" என்பது என் ஊகம்; இரண்டையும் இணைத்துப் படிக்கும் முயற்சிக்குக் காண்க: தண்ணீர்க் கேன் போடும் தம்பி, வாசற்படி விமர்சனம், "இன்னுமா சார் முடியல?").

இந்த மூன்று பள்ளிகளுக்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றை ஆய்வு வெளிக்கொணர்ந்தது. வெறும் பச்சரிசி மாவுக்கு வளையும் குணம் குறைவு. வியட்நாமியர் பலர் அரிசி மாவோடு மரவள்ளி மாவைக் கலப்பதன் காரணம் அதுதான். மரவள்ளி மாவு நம்மூரில் ஜவ்வரிசியாக உருண்டு டப்பாவில் இருக்கிறது. முன்பெல்லாம் ஜவ்வரிசி கிழக்குத் தீவுகளின் பனை வகை மரச்சோற்றிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி நின்றபோது, 1943 வாக்கில், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். ஆக, ஜவ்வரிசியை ஊறவைத்து அரைத்து, அரிசி மாவு மூன்றுக்கு ஒன்றாகச் சேர்த்தபோது வடாம் வளைந்தது. மகிழ்ச்சியில் கட்டுரையின் இப்பகுதியைத் தனி நூலாகவே போட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

வடாம் தட்டுகளை இரவல் கொடுத்தவர் மாடி வீட்டு மாமி. அசைவம் அவர் தட்டைத் தொடாது என்ற உறுதிமொழி ஆய்வறக் குழுவின் (மாமியின்) முன் எழுத்துமூலம் அளிக்கப்பட்டது. அவருக்கென்று முட்டைக்கோசும் கேரட்டும் வைத்துத் தனி வாணலி. மூன்று பள்ளிகளின் வாதப் பிரதிவாதங்களையும் அவர் முன் தொகுத்துரைத்தேன். முழுநனைப்பு, தெளிப்பு, ஈரத்துணி, சீரகச் சிக்கல், காபி நேரம். மாமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, காயவெச்சு அப்புறம் நனைக்கறதுக்கு, காயறதுக்கு முன்னாடியே சுருட்டிட்டா ஆகாதோ?"

தட்டிலிருந்து உரித்த ஈர வடாமில் முட்டைக்கோசை வைத்து மடித்துக் காட்டினார். உடையவில்லை. பொரிக்கவும் தேவைப்படவில்லை, ஆவியில் வெந்த சூட்டோடு சாப்பிடலாம். வியட்நாமில் காலை உணவாகத் தெருவோரம் விற்கும் 'பான் குவோன்' என்பது ஏறக்குறைய இதுவேதான். காயவைக்காத அரிசித்தாளில் பூரணம் வைத்துச் சுருட்டுவது. மாமி வியட்நாம் போனதில்லை. மாயவரத்துக்கு வடக்கே அதிகம் போனதில்லை.

மாமியின் முடிபை மேற்கோள் காட்டுவதில் நடைமுறைச் சிக்கல் உள்ளது. மாமி நெட் தேர்வில் தேறாதவர். அவர் கருத்து தரப்பட்டியலில் இடம்பெற்ற எந்த ஆய்விதழிலும் வரவில்லை. எனவே துறை மரபுப்படி இக்கண்டுபிடிப்பை ஆய்வாளரின் பெயரிலேயே பதிவு செய்கிறேன்.

முடிவுரை

முடிவு அனைத்தும் மேலே சொல்லப்பட்டுவிட்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

மேலாய்வுக்கான களங்கள்

சைகோன் பெட்டி, சபுராளிப் பெட்டி என்று இரும்பு டிரங்குகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் பாஸ்போர்ட்டுக்கும் பென்ஷன் காகிதத்துக்கும் நடுவில், பாட்டிகளின் கையெழுத்தில் சமையல் நோட்டு இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பருக்கு எடைக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் கரையான் உண்டு. வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் பாருங்கள். எழுதியவர் பெயரைச் சொல்லிப் பரிமாறுங்கள்.